அவருக்காக யார் முடிவெடுப்பது? இங்கிலாந்து பதினாறு ஆண்டுகள் யோசித்த கேள்வி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 78 வயது. மறதி நோய் முற்றிவிட்டது; மகளின் பெயர்கூடச் சில நாள் நினைவுக்கு வருவதில்லை. வீட்டு வாடகை, மின்கட்டணம், ஓய்வூதியம் எல்லாம் அவருடைய தனிக் கணக்கில். அம்மா வங்கிக்குப் போய், "நான் இவற்ற மனுசி. நாப்பது வருசமாக் குடும்பம் நடத்துறன். நான் சைன் வைக்கிறன்" என்கிறார். வங்கி ஊழியர் சிரித்த முகத்தோடு முடியாது என்கிறார்.

அம்மாவுக்கு அது அவமானமாக இருக்கும். ஆனால் ஊழியர் சொன்னதுதான் சட்டம். இங்கிலாந்தில் பதினெட்டு வயதைத் தாண்டிய ஒருவருக்காக, பெற்றவர்களோ கட்டியவரோ பிள்ளையோ உறவு என்ற ஒரே காரணத்தால் முடிவெடுக்க முடியாது. பணத்துக்கு மட்டுமல்ல, அறுவை சிகிச்சைக்கும் அப்படித்தான். மருத்துவமனையில் 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு பெயரை எழுதிக்கொள்வார்களே, அது தகவல் சொல்வதற்கும் கருத்துக் கேட்பதற்கும்தான். அனுமதி தரும் அதிகாரம் அந்தப் பெயருக்குக் கிடையாது.

அப்படியானால் யாருக்கு உண்டு? 1989இல் இந்தக் கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது. கிடைத்த விடை: யாருக்கும் இல்லை.

அந்த வழக்கில் பெயர் மறைக்கப்பட்டு 'எஃப்' என்று குறிக்கப்பட்ட பெண்ணுக்கு 36 வயது. கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு. பேச்சுத்திறன் இரண்டு வயதுக் குழந்தையின் அளவுதான். பதினான்கு வயதிலிருந்து மருத்துவமனையில் வாழ்ந்தவர். அங்கே இன்னொரு நோயாளியுடன் உறவு ஏற்பட்டிருந்தது. கர்ப்பமானால் அவரால் தாங்க முடியாது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். கருத்தடை அறுவை செய்யலாமா என்று தாயார் நீதிமன்றத்தைக் கேட்டார். தாயாராலும் சம்மதம் தர முடியாது, நீதிமன்றத்தாலும் தர முடியாது என்றார்கள் சட்டப் பிரபுக்கள். நீதிமன்றம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: நோயாளியின் நலனுக்கு அவசியம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தால் அந்த அறுவை சட்டவிரோதம் ஆகாது என்று அறிவிப்பது. அதைத்தான் அறிவித்தார்கள்.

பழைய காலத்தில் இப்படி ஓர் ஓட்டை இருந்ததில்லை. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அரசரே தந்தை என்ற கோட்பாடு அங்கே பல நூற்றாண்டுகளாக இருந்தது. அரசர் அந்த அதிகாரத்தை லார்டு சான்சலர் என்ற, நீதித்துறையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த அமைச்சரிடம் கொடுத்திருந்தார். 1959இல் புதிய மனநலச் சட்டம் வந்தது. இனிப் பழைய ஏற்பாடு தேவையில்லை என்று 1960இல் அந்த அரச ஆணையை ரத்து செய்துவிட்டார்கள். புதிய சட்டத்தின்படி நியமிக்கப்படும் காப்பாளருக்கு ஒரு தந்தைக்குச் சிறு பிள்ளைமேல் இருக்கும் அதிகாரம் இருந்தது. அதனால் இடைவெளி வெளியே தெரியவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அது அளவுக்கு மீறிய அதிகாரம் என்று கருதி, காப்பாளரின் உரிமைகளை மூன்றாகச் சுருக்கினார்கள்: எங்கே தங்குவது, எங்கே போய்வருவது, யார் வந்து பார்க்கலாம். சிகிச்சைக்குச் சம்மதிக்கும் உரிமை அதில் இல்லை. ஒவ்வொரு மாற்றமும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். எல்லாம் சேர்ந்து எஃப் போன்றவர்களுக்காகப் பேச யாருமே இல்லாமல் போனது.

பணத்தின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். நம் ஊரில் 'பவர் எழுதிக் கொடுப்பது' என்போமே, அந்தச் சாதாரணப் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் செல்லும். தெளிவு போனதும் பவரும் போய்விடும். எப்போது தேவையோ அப்போது பார்த்துக் கைவிடும் பத்திரம்! 1985இல்தான் இதற்கு ஒரு திருத்தம் வந்து, திறன் போன பிறகும் நிலைக்கும் பவர் எழுத வழி கிடைத்தது. அதுவும் சொத்துக்கும் பணத்துக்கும் மட்டும். உடம்பைப் பற்றி, தங்கும் இடத்தைப் பற்றி ஒன்றும் எழுத முடியாது.

இந்தக் குழப்பத்தைச் சீர்செய்யும் வேலை 1989இல் சட்ட ஆணையத்திடம் வந்தது. அங்கே இதை முன்னின்று நடத்தியவர் பிரெண்டா ஹாகெட். அந்த ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினர். பின்னாளில் லேடி ஹேல் என்ற பெயரில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றத்தின் தலைவரானவர் இவர்தான்.

ஆணையம் 1991இல் ஒரு பொதுவான கருத்துக்கேட்பு ஆவணம் வெளியிட்டது. 1993இல் மேலும் மூன்று. 1995இல் சட்ட முன்வரைவோடு இறுதி அறிக்கை. அந்த முதல் ஆவணத்தில் கேட்ட கேள்விதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் என்பது என் எண்ணம். ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? மூன்று வழிகளை முன்வைத்தார்கள்.

முதல் வழி, ஆளின் நிலையை வைத்து. இவருக்கு மனச்சிதைவு நோய், அதனால் திறன் இல்லை. இவர் மனநல மருத்துவமனையில் இருக்கிறார், அதனால் திறன் இல்லை. இரண்டாவது, முடிவை வைத்து. இவர் எடுத்த முடிவு எங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது, ஆகவே இவருக்குத் திறன் இல்லை. மூன்றாவது, செயலை வைத்து. இந்தக் குறிப்பிட்ட விஷயத்தை, இந்தக் குறிப்பிட்ட நேரத்தில், இவரால் புரிந்துகொண்டு எடைபோட முடிகிறதா? ஆணையம் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வீட்டில் நாம் எல்லோரும் முதல் இரண்டு வழிகளில்தான் நடக்கிறோம். "அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்பது முதல் வழி. "இந்த வயசுல இப்படி ஒரு முடிவா? புத்தி பேதலிச்சுப் போச்சு" என்பது இரண்டாவது.

மூன்றாவது வழி நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைக் காட்டிய வழக்கு ஒன்று ஆணையம் வேலை செய்துகொண்டிருந்த நாட்களிலேயே வந்தது. பிராட்மூர் என்ற உயர்காவல் மனநல மருத்துவமனையில் 68 வயது நோயாளி. மனச்சிதைவு நோய், தான் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் என்று நம்பிக்கொண்டிருந்தவர். அவருடைய பாதம் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புதான் என்றார் அறுவை மருத்துவர். காலோடுதான் சாவேன், வெட்ட விடமாட்டேன் என்றார் நோயாளி. இப்போது மட்டுமல்ல, இனி எப்போதும் என் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் வெட்டக்கூடாது என்று நீதிமன்றத்தில் தடையும் கேட்டார்.

முதல் வழியில் பார்த்தால் வழக்கே இல்லை: மனச்சிதைவு, பிராட்மூர், தன்னை மருத்துவர் என்று நினைக்கும் மயக்கம். இரண்டாவது வழியிலும் அவர் தோற்றிருப்பார். ஆனால் நீதிபதி தோர்ப் கேட்ட கேள்விகள் வேறு. காலைப் பற்றிச் சொல்லப்பட்டதை இவர் புரிந்து மனத்தில் வைத்துக்கொண்டாரா? நம்பினாரா? எடைபோட்டு ஒரு முடிவுக்கு வந்தாரா? மூன்றுக்கும் ஆம் என்று கண்டு, கேட்ட தடையைக் கொடுத்தார். நோயாளி பிழைத்தும்கொண்டார். அது சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத தகவல்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, 1995இல் அறிக்கை தயார், சட்ட முன்வரைவும் தயார். சட்டம் வர இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. அறிக்கையை வாங்கிக்கொண்ட கன்சர்வேடிவ் அரசு, இன்னொரு முறை மக்களைக் கேட்காமல் சட்டம் இயற்றமாட்டோம் என்றது. அடுத்து வந்த லேபர் அரசில் லார்டு சான்சலராக இருந்த லார்டு இர்வின் 1997 டிசம்பரில் 'யார் முடிவெடுப்பது?' என்ற தலைப்பில் பச்சை அறிக்கை வெளியிட்டார். நம் ஊர் அரசியலில் 'வெள்ளை அறிக்கை வெளியிடு' என்று அடிக்கடி கேட்கிறோம். அங்கே வெள்ளைக்கு முன்னால் வருவது பச்சை. வெள்ளை என்றால் அரசு தீர்மானித்துவிட்டது என்று அர்த்தம். பச்சை என்றால் இன்னும் யோசிக்கிறது, நீங்களும் சொல்லுங்கள்.

மக்களும் சொன்னார்கள். நாலாயிரத்துக்கும் அதிகமான பதில்கள். மருத்துவர் சங்கங்கள், வழக்கறிஞர்கள், மறதி நோயாளிகளின் குடும்பங்கள், தேவாலயங்கள், தனி மனிதர்கள். சர்ச்சை முழுக்க ஓர் இடத்தில் குவிந்தது: எனக்கு நினைவு தப்பிய பிறகு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாமா? ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 1989இல் நசுங்கி, நினைவே திரும்பாமல் கிடந்த டோனி பிளாண்ட் என்ற இளைஞருக்குக் குழாய் உணவை நிறுத்தலாம் என்று 1993இல் தீர்ப்பு வந்திருந்தது. அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. பின்வாசல் வழியாகக் கருணைக்கொலையைக் கொண்டுவருகிறார்கள் என்று பலர் அஞ்சினார்கள்.

1999இல் அரசு தன் தீர்மானத்தை வெளியிட்டபோது அந்தப் பகுதியைச் சட்டத்திலிருந்து ஒதுக்கிவைத்தது. ஆனால் 2003இல் வந்த முன்வரைவில் அது மறுபடி எட்டிப் பார்த்தது. கருத்துக் கேட்பில் விழுந்துபோன விஷயம், எதிர்த்தவர்களுக்கான காப்பு வாசகங்களோடு திரும்பி வந்தது. 2004 டிசம்பரில் மக்கள் சபையில் இறுதி விவாதம் நடந்தபோதும் அந்த அச்சம் தீரவில்லை. லார்டு சான்சலர் ஃபால்கனர், கார்டிஃபின் கத்தோலிக்கப் பேராயருக்கு உறுதிமொழி தந்து எழுதிய கடிதத்தைப் பற்றி விவாதத்தின் நடுவிலேயே சலசலப்பு எழுந்தது. கொலை, தற்கொலைக்கு உதவுதல் பற்றிய சட்டங்களை இது மாற்றவில்லை என்று சொல்லும் பிரிவு ஒன்று இன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

கருத்துக் கேட்பு பெயரையும் மாற்றியது. முன்வரைவின் தலைப்பு 'மனத்திறனின்மை மசோதா'. அதை ஆராய்ந்த இரு அவைக் கூட்டுக்குழு, இன்மையை எடுத்துவிடச் சொன்னது. 2005 ஏப்ரலில் நிறைவேறியபோது அது 'மனத்திறன் சட்டம்'. 2007இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்து இதற்குள் முந்திக்கொண்டது: தனக்கென நாடாளுமன்றம் கிடைத்த கையோடு 2000இலேயே சொந்தச் சட்டம் இயற்றிவிட்டது.

சட்டத்தின் தொடக்கத்திலேயே ஐந்து நெறிகள். திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை இருப்பதாகவே கொள்ள வேண்டும். ஒருவர் தானே முடிவெடுக்க எல்லா உதவியும் செய்து பார்க்க வேண்டும். படம் காட்டி, அவருடைய மொழியில் பேசி, அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் கேட்டு. வேறு வழியின்றி அவருக்காக முடிவெடுத்தால் அது அவர் நலனுக்காக இருக்க வேண்டும். அவர் சுதந்திரத்தை முடிந்தவரை குறைவாகத் தொட வேண்டும். இந்த நான்கையும் பெரும்பாலும் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

தொண்டையில் சிக்குவது மற்றது: ஒருவர் விவேகமற்ற முடிவு எடுத்தார் என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது. சர்க்கரை நோய் அப்பா இனிப்பைத் தின்றே தீருவேன் என்றால், அதன் விளைவு அவருக்குத் தெரிந்திருந்தால், தின்னலாம். எண்பது வயதுப் பாட்டி வீட்டில் தனியாக இருந்து விழுந்தாலும் விழுவேன், முதியோர் இல்லத்துக்குப் போகமாட்டேன் என்றால், அது அவர் உரிமை. அன்பு என்ற பெயரில் நாம் செய்யும் பாதி வேலைகள் இந்த நெறிக்கு எதிரானவை. படித்தபோது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சில முடிவுகளை யாருமே இன்னொருவருக்காக எடுக்க முடியாது என்றும் சட்டம் பட்டியல் போட்டது. திருமணச் சம்மதம், பாலுறவுச் சம்மதம், வாக்களிப்பது. இது தெற்காசியக் குடும்பங்களை நேராகத் தொட்டது. 'ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை கப்பலேறி அங்கேயும் போயிருக்கிறதே! 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. லண்டனில் வாழ்ந்த, கடுமையான ஆட்டிசம் உள்ள இளைஞருக்கு, வங்காளதேசத்தில் இருந்த பெண்ணுடன் தொலைபேசி வழியாகக் கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். நாங்கள் இல்லாத காலத்தில் அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு துணை வேண்டாமா என்பது பெற்றோரின் கவலை. அதில் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தும் அந்தத் திருமணத்தை இங்கிலாந்துச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பாயிற்று. 2014இல் சட்டம் மேலும் இறுகியது: சம்மதம் தரும் திறன் இல்லாதவருக்குத் திருமணம் செய்துவைப்பது, வற்புறுத்தல் எதுவும் இல்லாவிட்டாலும், குற்றம்.

ஈஸ்ட் ஹாம் அம்மாவுக்கு வருவோம். புதிய சட்டம் அவருக்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறது. அப்பா தெளிவாக இருந்தபோதே 'லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி' எழுதிப் பதிவு செய்திருந்தால் எல்லாம் சுலபம். பணத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஒன்று என்று இரண்டு பத்திரங்கள். எழுதவில்லை என்றால் கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன் என்ற நீதிமன்றத்துக்கு மனுப்போட்டு, அப்பாவுக்கான 'டெபுடி'யாக நியமனம் பெற வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் அதிகம், பிறகு வருடந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். மனைவி புருஷனின் பணத்துக்கு அரசாங்கத்திடம் கணக்கு ஒப்பிப்பது நம்மவர்களுக்கு விசித்திரமாகத்தான் படும்.

இந்தியாவில் கதை வேறு திசையில் போனது. இங்கிலாந்து 1960இல் தூக்கிப் போட்ட 'அரசே தந்தை' கோட்பாட்டை நம் உயர் நீதிமன்றங்கள் விடவில்லை. செவிலியர் அருணா ஷான்பாகின் கருணைக்கொலை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அதையே கையில் எடுத்தது. கோமாவில் கிடப்பவருக்குக் காப்பாளர் நியமிக்கத் தனிச் சட்டம் இல்லாததால் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தானே நெறிமுறைகள் வகுத்தது. அப்புறம் ஒரு முரண்: 2017இன் இந்திய மனநலச் சட்டம், முடிவெடுக்கும் திறன் எல்லோருக்கும் உண்டு என்றே தொடங்குகிறது.

இங்கிலாந்துச் சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று முதலிலேயே இருந்தது. 1997இல், பேச முடியாத, ஆட்டிசம் உள்ள 48 வயது மனிதர் ஒருவர் பகல்நேர மையத்தில் கலவரமடைந்ததால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் எதிர்க்கவில்லை, அதனால் கட்டாய அனுமதிக்கான நடைமுறை எதுவும் பின்பற்றப்படவில்லை. அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த தம்பதியை மருத்துவமனை முதலில் பார்க்கக்கூட விடவில்லை. பார்த்தால் கூடவே போக விரும்புவார் என்பது காரணம்! இது சிறைவைப்பு அல்ல என்றது பிரபுக்கள் சபை. சிறைவைப்புத்தான் என்று 2004 அக்டோபரில் சொன்னது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். புதிய சட்டத்தில் அவசரமாக ஒட்டுப்போட்டார்கள்: இப்படித் திறன் இல்லாதவரை அடைத்துவைக்க முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். 2009இல் அமலுக்கு வந்த அந்த ஒட்டு நீளமானது, யாருக்கும் புரியாதது. நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று 2014 மார்ச்சில் அதைப் பயனற்றது என்றே எழுதியது.

அதே மாதம் உச்ச நீதிமன்றத்தில் செஷயர் வெஸ்ட் வழக்கின் தீர்ப்பு. எழுதியவர் லேடி ஹேல். ஆணையத்தில் இந்தப் பயணத்தைத் தொடங்கியவரே. எப்போதும் கண்காணிப்பில் இருந்து, வெளியேறும் உரிமையும் இல்லை என்றால், இடம் எவ்வளவு வசதியானதாக இருந்தாலும் அது சிறைவைப்புத்தான் என்றார். தங்கக் கூண்டும் கூண்டுதான். நமக்குப் பழக்கமான உவமை. தீர்ப்பில் வந்தபோது அதற்கு விலை இருந்தது. முந்தைய ஆண்டில் சுமார் 13,700 ஆக இருந்த அனுமதி விண்ணப்பங்கள் அடுத்த ஆண்டில் 1,37,000ஐத் தாண்டின. உள்ளாட்சி அலுவலகங்கள் திணறின. மாற்று ஏற்பாட்டுக்கு 2019இல் சட்டம் இயற்றினார்கள். 2023இல் அதைக் காலவரையின்றித் தள்ளிவைத்தார்கள்.

இப்போது இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன்: ஜூரி, அதாவது ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று நீதிமன்றத்தில் உட்கார்ந்து முடிவு சொல்லும் பன்னிரண்டு சாதாரணக் குடிமக்கள். சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். ஒன்றில், என் வாழ்க்கையைப் பற்றி நான் முடிவெடுக்கலாமா என்ற கேள்வி. இன்னொன்றில், அடுத்தவர் குற்றவாளியா இல்லையா என்று நான் முடிவெடுக்கலாமா என்ற கேள்வி. அடியில் இருப்பது ஒன்றே: உன் புத்தியை நாங்கள் நம்புகிறோமா?

இந்தியாவில் ஜூரியை அறுபதுகளோடு மறந்துவிட்டோம். ஜூரி விசாரித்த நானாவதி கொலை வழக்கின் பெயர்தான் மிச்சம். இங்கிலாந்தில் இன்றும் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆளெடுத்து சம்மன் அனுப்புகிறார்கள். வராவிட்டால் அபராதம். எழுபதுகளின் தொடக்கம்வரை சொத்து உள்ளவர்கள்தான் ஜூரி. 1956இல் நீதிபதி டெவ்லின் அதைக் கிண்டல் செய்தார்: ஜூரி என்றால் ஆண்கள், நடுவயதினர், நடுத்தரப் புத்திக்காரர்கள், நடுத்தர வர்க்கத்தார். 1974 சட்டத்தில் வாக்காளர் எல்லோரும் ஜூரி ஆனார்கள். கூடவே நீளமான விலக்குப் பட்டியலும் வந்தது. நீதிபதி, வழக்கறிஞர், காவலர், பாதிரியார் உட்காரவே கூடாது. நாடாளுமன்ற உறுப்பினர், ராணுவத்தினர், மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஏன், கால்நடை மருத்துவர்கூட வேண்டாம் என்றால் வரவேண்டியதில்லை.

1999இல் உள்துறை ஐம்பதாயிரம் சம்மன்களை எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கினர்தான் கிடைத்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் தகுதியில்லாதவர்கள், விலக்குப் பெற்றவர்கள், வராதவர்கள். குற்றவியல் நீதிமன்றங்களை ஆராய்ந்த நீதிபதி ஆல்ட் 2001இல் பட்டியலையே கிழித்துப் போடச் சொன்னார். 2004 ஏப்ரலிலிருந்து நீதிபதியும் காவலரும் பாதிரியாரும் சம்மன் வந்தால் போக வேண்டும்; முடியாதென்றால் தனக்கென்று காரணம் சொல்லித் தள்ளிப்போடக் கேட்கலாம். பதவியைச் சொல்லித் தப்ப முடியாது. காவலர் ஜூரியில் இருந்தால் நடுநிலை இருக்குமா என்ற கேள்வியும் உடனே வந்தது. 2007இல் பிரபுக்கள் சபை மூன்று வழக்குகளைச் சேர்த்து விசாரித்து, இரண்டில் தண்டனையை ரத்து செய்தது. அங்கும் அளவுகோல் அதேதான்: காவலர் என்பதாலேயே தகுதி போகவில்லை, இந்த வழக்கில், இந்த சாட்சியோடு, இவர் எப்படிப்பட்ட நிலையில் இருந்தார் என்று பார்த்தார்கள்.

ஆனால் இந்தத் திறந்த மனசு ஒரு கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. பட்டியலில் மிச்சம் வைத்த ஒரு பிரிவினர் மனநலக் குறைபாடு உள்ளவர்கள். அதன் வரையறையைப் படித்தால் திகைப்பாக இருக்கும்: மனநோய் இருந்து, அதற்காக மருத்துவரிடம் தொடர்ந்து சிகிச்சை பெறுபவர். அதாவது மனச்சோர்வுக்குக் குடும்ப மருத்துவரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு, தினமும் வேலைக்குப் போய், பிள்ளை வளர்ப்பவரும் அதில் அடக்கம். அப்படி மாத்திரை சாப்பிடும் ஒரு நீதிபதி, மேடையில் உட்கார்ந்து வழக்கை நடத்தலாம்; கீழே பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார முடியாது! சட்ட ஆணையம் 1991இல் ஓரங்கட்டிய முதல் வழி, ஜூரிச் சட்டத்தில் மட்டும் நிம்மதியாகக் குடியிருந்தது.

அது அசைந்தது ஒரு விவாதத்துக்குப் பிறகு. 2012 ஜூன் 14 அன்று மக்கள் சபையில் மனநலம் பற்றிப் பேசும்போது, கன்சர்வேடிவ் உறுப்பினர் சார்லஸ் வாக்கர் தனக்கு 31 ஆண்டுகளாக எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) இருப்பதைச் சொன்னார். லேபர் கட்சியின் முன்னாள் அமைச்சர் கெவன் ஜோன்ஸ் தன் மனச்சோர்வைச் சொன்னார். மறுவருடம் பிப்ரவரியில், கேவின் பார்வெல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமானது. சிகிச்சை பெறுகிறார் என்பதால் மட்டும் ஜூரியிலிருந்து ஒதுக்குவது முடிவுக்கு வந்தது. மனநோய்க்காக மருத்துவமனையில் தங்கியிருப்பவர்கள், சட்டப்படி அடைத்துவைக்கப்படக்கூடியவர்கள் போன்றோர் மட்டும் தடையில் மிஞ்சினார்கள். அதன் பிறகு 2016இல் வயது வரம்பு 70இலிருந்து 75 ஆனது. சைகைமொழி பெயர்ப்பாளர் தேவைப்படும் காது கேளாதவர்கள் 2022இல்தான் உள்ளே வர முடிந்தது. ஜூரி அறைக்குள் பதின்மூன்றாவது ஆள் யாரும் இருக்கக்கூடாது என்ற பழைய விதி, சைகைமொழி பெயர்ப்பாளரை அதுவரை வெளியே நிறுத்தியிருந்தது.

ஜூரிச் சட்டத்தின் பட்டியலில் இன்னொரு வரியும் உண்டு, 2005இன் மனத்திறன் சட்டம் வந்தபோது சேர்த்தது: அந்தச் சட்டத்தின் பொருளில், ஜூரராகப் பணியாற்றும் திறன் இல்லாதவர். இரண்டு கேள்விகளும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும் இடம் அது. திறன் இல்லாதவருக்கு வாக்கில்லை என்ற பழைய விதியை 2006இல் நீக்கிவிட்டார்கள். அதனால் ஈஸ்ட் ஹாம் அப்பா இன்னும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார். குலுக்கலில் அவர் பெயரும் விழலாம், சம்மன் அவர் பெயருக்கே வரும். 75ஐத் தாண்டியவர் என்பதால் அவருக்கு வயதைச் சொல்லும் ஒரு வரி போதும். அதே நோய் அறுபது வயதில் வந்தவருக்கு? அவர் சார்பில் வேறொருவர் பதில் எழுதலாம் என்று அந்தப் படிவமே அனுமதிக்கிறது. வங்கியில் கையெழுத்துப் போட முடியாத மனைவி, இந்தத் தாளில் அவருக்காகப் பதில் எழுதலாம். அதற்குப் பவர் பத்திரமும் வேண்டாம், டெபுடி நியமனமும் வேண்டாம்; அவரால் ஏன் முடியாது என்ற காரணத்தை எழுதினால் போதும்.